அம்மாவை மலேசியாவுக்குக் கூட்டிப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எக்செல் தாளைப் பார்த்தேன். 6 நாள். கோலாலம்பூர், கெந்திங், லங்காவி, பினாங்கு, திரும்பும் வழியில் சிங்கப்பூருக்கு ஓர் எட்டு. கட்டத்துக்குக் கட்டம் நேரம் போட்டு, மஞ்சளும் பச்சையும் அடித்து வைத்திருக்கிறாய். உன் ஆபீஸில் காட்டினால் பதவி உயர்வே கொடுப்பார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அது நடக்காது. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பாய், அப்புறம் உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கென்ன தெரியும் என்று கேட்காதே. போன வருஷம் என் மாமியாரை அதே ஊர்களுக்குத்தான் கூட்டிப்போனேன். செய்யக்கூடிய தப்பையெல்லாம் அங்கே செய்து முடித்துவிட்டேன். அத்தை நல்ல மனுஷி, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தப்பு விமானத்தில். 2,000 ரூபாய் மிச்சம் என்று திருச்சியிலிருந்து நடு ராத்திரி விமானம் எடுத்தேன். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இறங்கும்போது அங்கே காலை 6 மணி. ஓட்டலுக்குப் போனால் அறை மதியம் 3 மணிக்குத்தான் என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பதிவு செய்யும்போதே அப்படித்தான் போட்டிருந்தது, நான் படிக்கவில்லை. அத்தை வரவேற்பறை சோபாவில் பையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். நடுவில் மூன்று தடவை எழுந்து, பாத்ரூம் எங்கே என்று சன்னமான குரலில் கேட்டார். அன்றைக்கு முழுக்கப் போச்சு, மறுநாளில் பாதியும் போச்சு. ஒன்றரை நாளை 2,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். நீ பகலில் இறங்கும் விமானமாகப் பார். கிடைக்கவில்லை என்றால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறைக்குப் பணம் கட்டிவிடு. அது செலவு மாதிரித் தெரியும், ஆனால் செலவில்லை.

பாஸ்போர்ட் வேலையை இந்த வாரமே ஆரம்பி. 60 தாண்டியவர்களுக்குப் புது பாஸ்போர்ட் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, 1,500-க்குப் பதில் 1,350. இதை அம்மாவிடம் மறக்காமல் சொல். கவர்ன்மெண்டே 150 ரூபாய் குறைத்துக்கொள்கிறது என்று கேட்டால் பாதி சம்மதம் வந்துவிடும். அதற்கு முன் ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பார். அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் கணக்குக்குப் போட்ட தேதி ஒன்று, பாட்டி சொல்லும் ஆடி மாசம் இன்னொன்று. எது எந்த அட்டையில் ஏறியிருக்கிறது என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம்.

அம்மா எட்டாவதோடு நின்றவள் ஆயிற்றே, பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை விழுமே என்று சித்தப்பா பயமுறுத்தினாராம். (மகாபலிபுரம் போகிற ஈசிஆர் இல்லை, இது குடிபெயர்வுச் சோதனை.) பத்தாவது முடிக்காதவர்கள் வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகும்போதுதான் அந்தக் கெடுபிடி. 50 வயது தாண்டியவர்களுக்கு அது கிடையாது. அம்மாவுக்கு 63. இதைச் சரிசெய்து தருகிறேன் என்று எந்த ஏஜெண்ட் வந்தாலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு.

இன்னொரு சிக்கல் அம்மாவின் ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக வரும், டிக்கெட் எடுக்கும் தளமோ அதைக் காலியாக விடாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு தடவை அடிக்கச் சொல்லும், சிலது வேறு ஏதாவது சொல்லும். கேட்டுவிட்டு அடி. நீயாக இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் செருகி வைக்காதே. பாஸ்போர்ட்டில் ஒன்று, டிக்கெட்டில் ஒன்று என்றால் கவுண்டரில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கும்.

விசாவுக்குச் செலவில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம், அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தின 3 நாளுக்குள், அவர்களுடைய குடிநுழைவுத் துறையின் தளத்தில், இலவசமாக. கூகுளில் தேடினால் இதற்கே காசு கேட்கும் போலித் தளங்கள் முதலில் வந்து நிற்கும். நான் ஒன்றில் கார்டு எண் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு இரண்டையும் காகிதத்தில் அச்சடித்து அம்மா கைப்பையிலும் ஒரு பிரதி வை.

சரி, இப்போது உன் தாளுக்கு வருகிறேன். கெந்திங்கை அடி. அங்கே இருப்பது சூதாட்டக் கூடமும் குளிரும். அம்மாவுக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளாது. லங்காவி அழகுதான், ஆனால் ராமேஸ்வரத்துக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டவன் அம்மாவுக்குக் கடல் காட்ட அவ்வளவு தூரம் போக வேண்டாம். சிங்கப்பூரைத் தொட்டால் உன் பட்ஜெட் காலி, ஓட்டல் அறை விலையே போதும். மிச்சம் இரண்டே ஊர். அதிலும் பினாங்குக்குத்தான் முக்கியத்துவம் கொடுக்க வேண்டும்.

ஏன் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது சின்னப் பையன். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய், ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு வந்தவர். பரணில் கிடக்கிறதே அந்தத் தகரப் பெட்டி, அது அங்கிருந்து வந்ததுதான். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைத் திறந்தால் ஒரு வாசனை வருமாம். பினாங்கு என்ற பெயரை அந்த வாசனையோடு சேர்த்துத்தான் சொல்வாள். சுவிட்சர்லாந்து போகலாமா என்று நீ கேட்டபோது அவள் "எதுக்குப்பா வீண் செலவு" என்றாள், ஞாபகமிருக்கிறதா? நான் பினாங்கு என்றதும் "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள். செலவைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதனால் இப்படிச் செய். கோலாலம்பூரில் இரண்டு ராத்திரி, பினாங்கில் மூன்று, திரும்ப கோலாலம்பூரில் ஒன்று. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடு. அங்கே குட்டி இந்தியா இருக்கிறது, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே. காலையில் இறங்கினால் இட்லி, பூக்கடை, தமிழ்ப் பேச்சு. வெளிநாட்டில் போய் இதையா பார்ப்பது என்று உனக்குத் தோன்றும். முதல் நாள் இது வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து அம்மா தானாகவே புதுசைத் தேடுவாள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வேக ரயில் ஒருவருக்கு 55 ரிங்கிட். ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல், கணக்குப் போட்டுக்கொள். இரண்டு பேருக்கு 110 ரிங்கிட். கிராப் காரில் (நம்ம ஓலா மாதிரி, போனில் கூப்பிடும் டாக்சி) அதைவிடக் குறைவாகவே பெரும்பாலும் ஆகும், அதுவும் ஓட்டல் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். ரயில்தான் மலிவு என்று நினைத்து நான் முதல் நாளே ஏமாந்தேன். ஒற்றை ஆளாகப் போகிறவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடாதே.

பத்துமலைக்கு மட்டும் ரயிலில் போ. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் கோயில் பக்கத்திலேயே இறக்கிவிடும், டிக்கெட்டும் சில ரிங்கிட்தான். 272 படி. அம்மா முழங்காலுக்கு அது வேண்டாம், ஆனால் வேண்டாம் என்று நீ சொல்லிவிடாதே. சொன்னால் ஏறுவாள். கீழே முருகன் சிலை 140 அடி உயரத்துக்கு நிற்கிறது, அடிவாரத்திலேயே கோயில்களும் இருக்கின்றன. அங்கே நின்று கும்பிட்டுவிட்டு, "மேலே குரங்குத் தொல்லை அதிகமாம்மா" என்று பொதுவாகச் சொல். அது நிஜமும்தான். வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிடு. தைப்பூசத்தைப் பார்க்கணும் என்று ஆரம்பித்தால் பிடிகொடுக்காதே. லட்சக்கணக்கில் கூட்டம், அறை விலை ஏறும், கழிப்பறைக்கு வரிசை. சீனப் புத்தாண்டு வாரமும் அப்படித்தான், தேதி பார்த்துக்கொள்.

பினாங்குக்கு பஸ்ஸும் உண்டு, மலிவு. நீ ரயிலில் போ. பட்டர்வொர்த் வரைக்கும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது. சர்க்கரை இருக்கிறவளைக் கூட்டிப்போகும்போது வண்டியைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு காரணம் போதும். பஸ்ஸில் அம்மா தண்ணீரே குடிக்காமல் வருவாள், நம்மிடம் சொல்லவும் மாட்டாள். பட்டர்வொர்த்தில் இறங்கியதும் ஃபெர்ரி. பாலத்தில் கார் எடுத்துச் சீக்கிரம் போய்விடலாம் என்று உன் மூளை சொல்லும், கேட்காதே. தாத்தா தண்ணீர் வழியாக வந்து பார்த்த ஊர் அது. அவளும் தண்ணீர் வழியாகவே வந்து பார்க்கட்டும்.

ஜார்ஜ் டவுனில் ஓட்டல் பார்க்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், பழைய கடைவீடுகளை அப்படியே தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். படத்தில் அள்ளும். உள்ளே போனால் செங்குத்தான மரப்படி. அத்தை ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் திரும்பிக் கைப்பிடியைப் பிடித்து இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்.

குட்டி இந்தியாவுக்கு நடக்கும் தூரத்தில் தங்கினால் குவீன் தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே பினாங்குத் தெரு, துணிக்கடைகள் வரிசையாக இருக்கும். தாத்தாவின் கடை எதுவென்று யாருக்கும் தெரியாது. தேடவும் வேண்டாம். அம்மாவை ஒரு சாயங்காலம் அங்கே சும்மா நடக்க விடு, நீ போனை எடுக்காமல் பின்னால் வா. ஊருக்குள் சுற்ற இலவச பஸ் ஓடுகிறது, கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம். பினாங்கு மலைக்கு 1923-லிருந்து இழுவை ரயில் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை கூடத்தான், கொடு. படி ஏறாமல் மலை உச்சியில் முருகன் கோயில் கிடைக்கிறது என்றால் அம்மா உன்னை ஆயுசுக்கும் வாழ்த்துவாள். பினாங்கிலேயே இன்னொரு இடத்தில் இருக்கும் தண்ணீர்மலை முருகனைக் கீழேயிருந்தே கும்பிட்டால் போதும், அங்கே 500 படிக்கு மேல்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. வாழையிலைச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். டீதான் பிரச்சினை, கெட்டிப்பாலை ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள், அம்மாவுக்குச் சர்க்கரை எகிறும். "தே சி கோசோங்" என்று கேள், பால் இருக்கும், சீனி இருக்காது. இதை அம்மாவுக்கே சொல்லிக் கொடுத்துவிடு. அத்தை இரண்டாம் நாளிலேயே மாமாக் கடையில் (அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அப்படிப் பெயர்) தனியாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தார், முகத்தில் அப்படியொரு பெருமை.

வீல்சேர் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடு. மலிவு விமானங்கள் போய் இறங்கும் இரண்டாம் முனையத்தில் நடை நடை என்று நடக்க வேண்டும். "எனக்கென்ன காலா இல்லை" என்பாள். முழங்கால் பேச்சை எடுக்காமல், வரிசையில் நிற்க வேண்டாம், அவர்களே முன்னால் கூட்டிப்போய்விடுவார்கள் என்று சொல். மருந்தெல்லாம் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில். இன்சூரன்ஸில் சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் எழுது, மறைத்தால் காசு வாங்கும் நேரத்தில் கைவிரிப்பார்கள். நகை வேண்டாம். தாலிச் சங்கிலி போதும், வளையலெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். திரும்பி வரும்போது திருச்சியில் தங்கத்துக்கு எவ்வளவு கெடுபிடி என்று உனக்கே தெரியும்.

எனக்கு இரண்டு பேருக்கு எல்லாம் சேர்த்து 95,000 ஆயிற்று. உன் ஒரு லட்சத்துக்குள் தாராளமாக முடியும், அந்த மூன்று ஊரை அடித்தால்.

ஒன்று மறந்துவிட்டேன். டிக்கெட் எவ்வளவு என்று அம்மா நேற்றே கேட்டுவிட்டாள். போக வர 6,000 என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் கேட்பாள், அதையே சொல். பெரிய மாமாவிடமும் பேசிவிட்டேன், அவரும் 6,000 தான் சொல்வார்.

அன்புடன்,
அக்கா