தாய்மொழி: ஒரு கோடு போதாது

யாங்கோன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கரண்ட் முறை வைத்து வருவதால் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று மத்தியானமே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் இங்கிலீஷ் படிப்பதைப் பற்றிய உன் ஆய்வுக்கு நீ அனுப்பிய கேள்வித்தாளை, என்னிடம் ட்யூஷன் வருகிற நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாய். பார்த்துவிட்டேன். 11 பேர் எழுதினார்கள். போனில் படம் எடுத்து அனுப்பலாம், ஆனால் பாதிப் பேர் பென்சிலில் எழுதியிருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் வருகிற ஒருவர் கையில் தாள்களைக் கொடுத்துவிடுகிறேன்.

அதைப் பார்த்து நீ தலையில் கை வைக்கப் போகிறாய். அதனால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி, பெயர். அதிலேயே ஐந்து நிமிடம் போயிற்று. “எந்தப் பேரு சயாமா (டீச்சர்), ஸ்கூல் பேரா, வீட்டுப் பேரா?” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். உனக்கும் இரண்டு பேர் இருந்ததே, அங்கே போனதும் மறந்துவிட்டதா? பள்ளிக்கூடத்துப் பர்மியப் பெயரை எழுதச் சொன்னேன். ஒருவன் மட்டும் இரண்டையும் எழுதி நடுவில் கூட்டல் குறி போட்டிருக்கிறான். அவன் செய்ததுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது, ‘உன் தாய்மொழி’ என்று போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு கோடு இழுத்திருக்கிறாய். அங்கேதான் வண்டி நின்றது. சிலர் பர்மியம் என்று எழுதினார்கள். சிலர் தமிழ் என்று எழுதினார்கள். அக்கா தமிழ் என்றும் தம்பி பர்மியம் என்றும் எழுதிய ஒரு வீடும் உண்டு, ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள். முறுக்கு விற்கிற பாட்டியின் பேரன் கையைத் தூக்கினான். “சயாமா, அம்மா எங்கிட்ட பேசற மொழியா, நான் அம்மாகிட்ட பேசற மொழியா?” என்றான். அவன் வீட்டில் பாட்டியும் அம்மாவும் தமிழில் கேட்பார்கள், இவன் பர்மியத்தில் பதில் சொல்வான், யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியாது. உன்னுடைய ஒற்றைக் கோட்டில் அவன் எதை எழுதுவான்? நானே பதில் சொல்லத் தெரியாமல், “உனக்குத் தோன்றுவதை எழுது” என்று சொல்லிவிட்டேன். ஆய்வுக்கு அது கூடாது என்று நீ திட்டலாம்.

ஒரு தாள் வெறுமையாக வரும். அந்தப் பிள்ளை எழுதித்தான் வைத்திருந்தாள். சாயங்காலம் அழைத்துப்போக வந்த அப்பா வாங்கிப் பார்த்து, “இது யாருக்குப் போகுது? எதுக்கு மொழியெல்லாம் கேக்கறாங்க?” என்றார். என் மகள் படிப்புக்கு என்றேன். அவர் என்னை நம்பாதவர் இல்லை, ஆனாலும் ரப்பரை வாங்கி அழித்துவிட்டுத்தான் கொடுத்தார். இந்த ஊரில் அடையாள அட்டையிலேயே இனமும் மதமும் இருக்கின்றன. 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, தாத்தா எப்போது வந்தார், எந்தக் காகிதம் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அலைந்த குடும்பங்கள் எத்தனை என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் முன்னால் ‘தாய்மொழி’ என்று ஒரு கோடு போட்டால் அது ஆபீசுக் கேள்வியாகத்தான் படும். இன்னொன்றும் சொல்கிறேன். உன்னை முதல் வகுப்பில் சேர்த்தபோது இதே மாதிரி ஒரு கோட்டில் நான் பர்மியம் என்று எழுதினேன். உன் பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பர்மிய எழுத்து தெரியாது, அதனால் கேட்கவில்லை. நீ அப்போது பர்மியத்தில் பத்து வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச மாட்டாய்.

சரி, இதையெல்லாம் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நீயே எனக்கு எழுதிய விஷயம்தானே இது. இங்கிலாந்தில் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி கேட்டு வளர்கிற பிள்ளை என்று தெரிந்தால், அல்லது அப்படி இருக்கும் என்று நம்பினாலே, ‘ஆங்கிலம் கூடுதல் மொழி’ என்று ஒரு டிக் போடுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதில் வருகிறார் என்றாய். அங்கேயே பிறந்து டிவி பார்த்து வளர்ந்தவனுக்கும் போன வாரம் விமானத்தை விட்டு இறங்கியவளுக்கும் அதே டிக். 2016ல் ஆங்கிலத் திறனை ஐந்து படியாகப் பிரித்துக் கேட்க ஆரம்பித்து, 2018ல் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அதே வருடம்தான், டிக்கை விட அந்தப் படிதான் பிள்ளையின் தேர்ச்சியைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று ஆய்வும் வந்தது என்று எவ்வளவு கோபமாக எழுதியிருந்தாய்! அந்தக் கோபம் உன் கேள்வித்தாள் மேலேயும் கொஞ்சம் வரட்டும்.

‘இரண்டாம் மொழி’ என்று சொல்லாமல் ‘கூடுதல் மொழி’ என்று சொல்கிறோம், ஏனென்றால் அது பிள்ளைக்கு எத்தனையாவது மொழி என்று நமக்குத் தெரியாது என்று நீ முதல் வருடம் எழுதினாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மூன்றாவது. அதுவும் எப்படிப்பட்ட மூன்றாவது! இங்கிலீஷ் புத்தகத்தைப் பள்ளியில் பர்மியத்தில் விளக்குகிறார்கள். பர்மியமே அரைகுறையாக இருக்கிற முதல் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை, தெரியாத மொழி வழியாகத் தெரியாத மொழியைப் படிக்கிறது. நான் படிக்கும்போது ஐந்தாம் வகுப்பில்தான் ஏபிசி தொடங்கும், அதற்குள் பர்மியம் ஊறிப்போயிருக்கும். 1981ல் பாலர் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் என்று மாற்றினார்கள். பெற்றோருக்கெல்லாம் சந்தோஷம். எனக்கும்தான்.

டொரொன்டோவில் இருக்கிற கம்மின்ஸ் என்பவருடைய கட்டுரையை அனுப்பினாயே, அதை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். விளையாட்டுப் பேச்சு சுமார் 2 வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழியில் கூடப் படிக்கிறவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருடம் ஆகும் என்கிறார். அது வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் கேட்கிற கனடாவில். இங்கே வாசலைத் தாண்டினால் மொகிங்கா நூடுல்ஸ் விற்கிறவர் குரல்தான் கேட்கும். ஆனால் அவர் சொல்கிற இன்னொரு விஷயம், ஒரு மொழியில் ஆழமாகத் தெரிந்தது மற்ற மொழிக்கும் உதவும் என்பது, அதை நான் பேர் தெரியாமலே பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். கேள்.

பர்மியமும் தமிழும் எந்த உறவும் இல்லாத மொழிகள். ஆனால் இரண்டிலும் வினை கடைசியில் வரும். ‘நான் சோறு தின்கிறேன்’, ‘ங்கா டமின் சா டே’, வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. இங்கிலீஷில் மட்டும் தின்பது நடுவில் வந்து நிற்கிறது. ‘அ’, ‘தி’ என்று பெயருக்கு முன்னால் போடுகிற ஒட்டும் நம் இரண்டு மொழியிலும் கிடையாது. ஆக, இந்த இடங்களில் தடுமாறினால் தமிழ்ப் பிள்ளை, பர்மியப் பிள்ளை என்று பார்க்க வேண்டியதில்லை, எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஆனால் ‘ஹி கோ டு ஸ்கூல்’ என்று எழுதுகிறார்களே, அதில் வித்தியாசம் உண்டு. பர்மியத்தில் நான் போனாலும் அவன் போனாலும் ‘த்வா டே’தான், ஆளுக்குத் தகுந்தாற்போல வினை மாறாது. தமிழில் மாறும். அதனால் முறுக்குக்காரப் பாட்டி பேரனிடம், “அவன் போகிறேன் என்று சொல்வாயா?” என்று தமிழில் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். “இங்கிலீஷ்காரனுக்கும் அப்படித்தான் சிரிப்பு வரும், அவன் என்றால் ஒரு ‘ஸ்’ வேண்டும்” என்றேன். அன்றிலிருந்து அந்த ‘ஸ்’ அவனுக்குப் பெரும்பாலும் தவறுவதில்லை. அதற்கு முன்னால் ஒரு வருடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் ‘ஹி கோ’ என்பான், நான் ‘யெஸ், ஹி கோஸ்’ என்பேன். நான் ஆமாம் போட்டதாக நினைத்து அவன் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடுவான். கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து லிஸ்டர், ரான்டா என்ற ஆய்வாளர்கள் 1997ல் எழுதியதை நீ அனுப்பியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆசிரியர்கள் பாதிக்கு மேல் இப்படித்தான் திருத்துகிறார்கள், பிள்ளைகளுக்கு மிகக் குறைவாக உறைப்பதும் இப்படித் திருத்தும்போதுதான் என்று கண்டார்கள்.

உச்சரிப்பிலும் இதே கதைதான். பர்மியப் பிள்ளை சொல்லின் வாலை வெட்டிவிடும். ‘லைக்’ என்பது ‘லை’ என்று தொண்டையிலேயே நின்றுவிடும். நம் பிள்ளை இல்லாத வாலை ஒட்டும், ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று. என்னிடம் பேசும்போது வெட்டி, வாசிக்கும்போது ஒட்டுகிற பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். உன் தாளில் எந்தக் கட்டத்தில் அவர்களைப் போடுவாய்?

மனப்பாடத்தைப் பற்றி நீ கேட்டிருந்த கேள்விக்கு (‘இங்கிலீஷைப் புரியாமல் மனப்பாடம் செய்கிறாயா?’) எல்லோரும் ‘ஆம்’ போட்டார்கள், பெருமையாக. அவர்களுக்கு அது குற்றம் என்று தெரியவில்லை. எனக்கும் முழுக்கக் குற்றம் என்று தோன்றவில்லை. ஆத்திசூடியை நாம் எல்லோரும் புரியாமல்தானே சொன்னோம், பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் வராமலே போவதும் உண்டு. ஒரு பையன் ‘மை ஹவுஸ்’ கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்பிப்பான், நாலு அறை, முன்னால் தோட்டம், தோட்டத்தில் ரோஜா. அவன் இருப்பது தடுப்பு வைத்த ஒரு அறையில். உன் வீட்டைச் சொல் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “மை ஹவுஸ் ஒன் ரூம். ஃபேன் நோ” என்றான். ‘ஃபேன் இல்லை’ என்பதை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறான். ரோஜாத் தோட்டத்தில் ஒரு பிழை இல்லை, ஆனால் அவனுக்கு என்ன தெரியும் என்று அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த இரண்டு வரியில் எல்லாம் தெரிந்தது. பிழைதான் பிள்ளை மனதில் எந்த விதி ஓடுகிறது என்று காட்டும் என்று கார்டர் என்ற மொழியியலாளர் 1967லேயே எழுதிவிட்டார் என்றாய். நான் 1990களில் அதே பிழைகளை எண்ணி மார்க் குறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று நல்லபடியாக நடக்கிறது. பிஜித் தீவில் 1980 வாக்கில், கிராமத்துப் பள்ளி வகுப்புகளுக்கு 250 கதைப் புத்தகங்கள் கொடுத்துச் சும்மா வாசிக்க விட்டார்கள், எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வாசிப்பில் முன்னேறினார்கள் என்று எல்லி, மங்குபாய் என்ற ஆய்வாளர்கள் செய்ததைச் சொன்னாயே. 250க்கு நான் எங்கே போவது? பழைய புத்தகக் கடையில் பொறுக்கி 23 சேர்த்திருக்கிறேன், பலதில் அட்டை இல்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கேள்வி எதுவும் கேட்பதில்லை என்று நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கடைசிக் கேள்வியில் சிரித்த முகம், அழுத முகம் போட்டு ‘இங்கிலீஷ் வகுப்பில் பயமாக இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறாய். 11 பேரும் சிரித்த முகம். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், வேறு என்ன போடுவார்கள்? அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காதே.

தாய்மொழிக் கேள்விக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். மறுநாள் தாள் இல்லாமல், சுண்டல் கொடுத்துக்கொண்டே வாயால் கேட்டேன். பாட்டியிடம் எதில் பேசுவாய்? தெருவில் சண்டை வந்தால் எதில் திட்டுவாய்? மனக்கணக்கு எதில் போடுவாய்? காளி கோயிலில் சாமியிடம் எதில் கேட்பாய்? போன் கேமில் வருகிற வார்த்தைகள் என்ன மொழி? அடேயப்பா, வாயை மூட முடியவில்லை. திட்டுவதும் கணக்குப் போடுவதும் எல்லோருக்கும் பர்மியம். சாமியிடம் தமிழ். கேம் இங்கிலீஷ், அதில் எனக்கே தெரியாத சொற்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரிகிறது. அழித்துவிட்டுப் போனவருடைய மகள்தான் அதிகம் பேசினாள். அவள் தம்பியைத் தூங்க வைப்பது தமிழில், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது பர்மியத்தில். இதையெல்லாம் தனியாக ஒரு தாளில் பிள்ளைகள் பெயர் இல்லாமல் எழுதிச் சேர்த்திருக்கிறேன், அவளுடையதையும்.

அந்த ஒற்றைக் கோட்டை எடுத்துவிட்டு, யாரிடம், எங்கே, எதற்காக என்று ஒரு கட்டம் போட்டு அனுப்பு. ‘தாய்மொழி’ என்ற சொல்லே வேண்டாம். கேள்விகளைப் பர்மியத்தில் நீ எழுத வேண்டாம், உன் பர்மிய எழுத்து துருப்பிடித்திருக்கும், தமிழில் அனுப்பினால் நான் மாற்றிக்கொள்கிறேன். பள்ளிப் பரீட்சைக்கு முன்னால் வந்தால் நல்லது, பரீட்சை தொடங்கிவிட்டால் இவர்கள் மறுபடியும் ரோஜாத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

தாள் கொண்டுவருகிறவரிடம் புளியோதரைப் பொடியும் இருக்கிறது. போன தடவை மாதிரி பக்கத்து அறைக்காரிக்கே முழுவதையும் கொடுத்துவிடாதே.

அம்மா