பெரெம்பாங் மரத்துக்குப் பின்னால்

பெஸ்தாரி ஜெயா,
ஞாயிறு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு உடம்பு தேறியதில் நிம்மதி. மகனுக்கு வேலை உறுதியானதும் சொல்.

கம்போங் குவாந்தான் பக்கம் சிலாங்கூர் ஆற்றோரமாக நீ வாங்கிய நிலத் துண்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அங்குள்ள மின்மினிகளைக் காக்க, அவை இரவில் கூடும் பெரெம்பாங் என்ற ஆற்றோர மரங்களை வெட்டாமல் விட்டால் போதாதா என்கிறாய். போதாது, சேகர். வளர்ந்த மின்மினி அந்த மரத்தில் மினுக்குவது சில வாரம்தான். முட்டையிடுவது கரைக்குப் பின்னால் உள்ள ஈர மண்ணில். புழு மாதக்கணக்கில் அங்கேயே நத்தை தின்று வளர்ந்து, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. அந்தப் புல்லும் நிப்பா, ரும்பியா என்ற சதுப்புப் பனைகளும் போனால் மரம் மட்டும் இருட்டில் நிற்கும்.

முதலில் அளந்துவிடு. ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசனத் துறை) கணக்கில் 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கு நிலம். ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் அது செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) ஏறக்குறைய ஆறு வரிசை. அத்தனையை விட்டுக்கொடுக்க வலிக்கும், தெரியும். ஆனாலும் வெள்ளம் ஏறும் வரிசைகளில் உரம் ஆற்றோடு போய்விடும், காய்ப்பும் சுமார்தான். எல்லையில் வெள்ளையடித்த கட்டை ஊன்று. இல்லாவிட்டால் மருந்தடிக்கும் ஆளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எல்லைக்குள் களைக்கொல்லியும் உரமும் வேண்டவே வேண்டாம்.

நத்தை விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வயலில் ரோஸ் நிறக் கொத்தாக முட்டையிடும் பெரிய நத்தை வேறு. மின்மினிப் புழுவின் இரை, நகத்தைவிடச் சிறிய கரை நத்தை. வயலுக்கு வாங்கிய நத்தை மருந்தை இங்கே தூவினால் இரண்டும் சாகும்.

கரையை ஒட்டி மண்மேடு எழுப்பாதே. கடல் ஏற்றத்தில் வரும் தண்ணீர் உள்ளே ஏறாமல் மண் காய்ந்து லாலாங் புல் வந்துவிடும். மேடு கட்டியே ஆகவேண்டுமானால் அந்த 50 மீட்டர் எல்லையைத் தாண்டி, ஆற்றைவிட்டுத் தள்ளிக் கட்டு. வடிகால் ஆற்றில் விழுவதற்கு முன் ஒரு சேற்றுக்குழி வெட்டு, நிரம்பும்போதெல்லாம் வாரு.

ஆற்றைப் பார்த்த விளக்கு எதுவும் வேண்டாம். வெளிச்சம் இருந்தால் ஆண் மின்மினியும் பெண் மின்மினியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

நிலம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மழை விட்ட இரவில் டார்ச்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நில். சருகுக்கடியில் மங்கலாக, விட்டுவிட்டு மினுக்காமல் ஒரே சீராக ஒளி தெரிந்தால் அதுதான் புழு. குனிந்து பார், தலையை நத்தை ஓட்டுக்குள் விட்டபடி இருக்கலாம். எத்தனை இடத்தில் கண்டாய் என்று எழுது.

அன்புடன்,
முத்து