நான்காவது நாவலைக் கை தூக்கி முடிவு செய்யாதீர்கள்

காரைக்குடியில் மாதம் ஒருமுறை கூடும் நம் வாசிப்பு வட்டத்தின் பொறுப்பாளர்களுக்கும், வட்டத்து ஆச்சிமார், அண்ணன்மார், கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்தில் ஸ்டெஃபனி மேயரின் 'பிரேக்கிங் டான்' நாவலைப் பேசலாமா வேண்டாமா என்று கை தூக்கச் சொல்லப் போகிறீர்களாம். வேண்டாம் என்ற கைகள் அதிகமானால் ட்வைலைட் என்ற காட்டேரிக் காதல் கதை வரிசையை மூன்றாவது புத்தகத்தோடு முடித்துக்கொண்டு, நான்காவதை அலமாரியிலிருந்தே எடுத்துவிடுவதாகவும் பேச்சு. நான் கை தூக்கப் போவதில்லை, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. காரணத்தை நேரில் சொல்லலாம்தான், ஆனால் போன கூட்டத்தில் யாரும் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

இந்தச் சண்டை நம் ஊரில் பிறந்ததில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2008 ஆகஸ்ட் 2 அன்று நள்ளிரவில் கடைகளைத் திறந்துவைத்து விற்ற புத்தகம் இது. முதல் 24 மணி நேரத்தில் அமெரிக்காவில் மட்டும் 13 லட்சம் பிரதிகள் போயின. அடுத்த சில நாட்களிலேயே, வரிசையில் நின்று வாங்கிய ரசிகர்களில் ஒரு கூட்டம் புத்தகத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று கிளம்பிவிட்டது. மறு வருடம் பிரிட்டனில் அதே நாவலுக்குச் சிறந்த சிறுவர் நூல் பரிசும் கிடைத்தது. காட்டேரிக் கதை வரிசைகளில் பின்னால் வரும் புத்தகங்களுக்கு இது வாடிக்கைதான். ஆன் ரைஸ் தன் வரிசையின் ஐந்தாவது நாவலில், 1995 இல், லெஸ்டாட் என்ற காட்டேரியைச் சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் அழைத்துப் போனபோது பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள், மீதிப் பேர் புத்தகத்தை மூடிவிட்டார்கள். 2013 இல் சார்லைன் ஹாரிஸ் தன் பதின்மூன்றாவது நாவலில் நாயகி சூக்கியை எந்தக் காட்டேரிக்கும் கொடுக்காமல் கதையை முடித்ததற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. காட்டேரிக்கு வயசாகாது, நோய் வராது, சாவும் எளிதில் வராது. மற்ற கதைகளில் காலம் போகிற போக்கில் தானாக நடக்கும் காரியங்கள் எதுவும் இங்கே நடக்காது. அப்போது முதல் புத்தகத்தை எது இழுத்துக்கொண்டு போகிறது? இரண்டு பேருக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான். காட்டேரியான எட்வர்ட், மனிதப் பெண்ணான பெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் அவள் ரத்தவாடை அவனை வதைக்கிறது, தொடவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. மூன்று புத்தகங்கள் இந்தத் தவிப்பிலேயே ஓடின. மூன்றாவதின் முடிவில் கல்யாணத்துக்கு அவள் சம்மதித்த பிறகு நான்காவதில் அந்த இடைவெளியை மூடியே ஆக வேண்டும். மூடினால், அந்தத் தவிப்புக்காகவே வந்தவர்களுக்கு இங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது. இந்தப் பெண் கடைசியில் எந்த வீட்டில், யாரோடு, என்னவாக வாழ்வாள் என்று தெரிந்துகொள்ளப் படித்தவர்களுக்குக் கதையே இங்கேதான் ஆரம்பம். நம் வட்டத்தில் இரண்டு கட்சியும் அடித்துக்கொள்வதைக் கேட்டால் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள் பேசுவது போலவே இல்லை. இதில் கைகளை எண்ணி என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

போன கூட்டத்தில் ஒரு அண்ணன், 'கதை தீர்ந்துபோச்சு, காசு பாக்க ஒரு புள்ளையக் கொண்டாந்து நுழைச்சுட்டாங்க' என்றார். அது தவறு. ஸ்டெஃபனி மேயர் முதல் நாவலை 2003 இல் எழுதி முடித்ததுமே, அது வெளியாகும் முன்பே, அதன் நேரடித் தொடர்ச்சியாக இன்னொன்று எழுதினார். அது அச்சுக்கு வரவில்லை. ஆனால் கர்ப்பம், பிள்ளை, பெல்லாவைக் காதலித்த ஓநாய் மனிதன் ஜேக்கப் அந்தப் பிள்ளையிடம் கட்டுண்டு போவது, கடைசியில் காட்டேரிகளை அதிகாரம் செய்யும் வோல்டூரிகளோடு எதிரும் புதிருமாக நிற்பது எல்லாம் அப்போதே அதில் இருந்தன. இடையில் வந்த இரண்டு புத்தகங்கள்தான் பிறகு சேர்ந்தவை. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், திட்டுங்கள், ஆனால் கடைசி நேரத்து ஒட்டு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, உண்மையான சண்டைக்கு வருவோம்.

கர்ப்பப் பகுதி. தேனிலவு முடிவதற்குள் பெல்லா கருவுற்றுவிடுகிறாள், வயிறு நாளுக்கு நாள் வளர்கிறது, உள்ளே இருப்பது உதைத்தால் விலா எலும்பு முறிகிறது. எட்வர்ட் கலைத்துவிடலாம் என்கிறான், அவள் எட்வர்ட் குடும்பத்து ரோசலியைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு முடியாது என்கிறாள். இதைப் படித்துவிட்டு நம் வட்டத்துப் பெண்களே இரண்டாகப் பிரிந்ததை நான் மதிக்கிறேன். படிப்பை முடிக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள் என்று வீட்டில் மல்லுக்கு நிற்கும் ஒரு தங்கை, டார்ட்மத் கல்லூரியில் இடம் கிடைத்தும் பதினெட்டு வயதில் கல்யாணம், உடனே பிள்ளை, அந்தப் பிள்ளைக்காக உயிரையும் கொடுப்பது, இதைப் போய் காதல் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியையான நம் ஆச்சி சொன்ன பதிலும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த வீட்டில் எல்லோரும் அவளை விடப் பலசாலிகள், எல்லோரும் அவள் நல்லதுக்கு என்றே முடிவெடுக்கிறார்கள், முதல்முறையாக அவள் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு முடிவெடுத்து அதில் நின்றாள், அதைப் பார்க்க மாட்டீர்களா என்றார். இரண்டுக்குமே புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் சாட்சி இருக்கிறது. ஆனால் தங்கை பேசி முடிக்கும் முன்பே 'சரி சரி, இது தேறாது' என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

இந்தப் பகுதியை ஜேக்கப் சொல்வதாக எழுதியதுதான் இந்த வரிசையிலேயே மேயர் செய்த கெட்டிக்காரத்தனமான வேலை என்பது என் கட்சி. அத்தியாயத் தலைப்புகளே அவன் தனக்குள் முணுமுணுப்பது போல நீளநீளமாக இருக்கும். பெல்லாவுக்கு எது கொடுத்தும் உடம்பில் தங்காமல், அந்தக் கருவுக்கு வேண்டியது ரத்தம்தானோ என்று ஜேக்கப் மனதுக்குள் கிண்டலாக நினைக்க, மனதைப் படிக்கும் எட்வர்ட் அதைப் பிடித்துக்கொள்கிறான் அல்லவா, அந்த இடத்தை மறுபடி படியுங்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டம்ளரில், உறிஞ்சு குழல் வைத்து, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாதபடி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவளும் குடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறாள். பல்லும் கழுத்தும் கடியும் இல்லாமல் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு இவ்வளவு அருவருப்பையும் இவ்வளவு இரக்கத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்ததற்கே நான் இந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்திருப்பேன்.

ஜேக்கப் விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. பிறந்த குழந்தையைப் பார்த்த அந்தக் கணமே அவன் ஆயுளுக்கும் அவளுக்கென்று ஆகிவிடுகிறான். நம்மில் வயதில் மூத்த சிலர் இதை அலட்டிக்கொள்ளவே இல்லை, தொட்டிலில் கிடக்கும்போதே இன்னாருக்கு இன்னார் என்று பேசி வைத்த வீடுகளைப் பார்த்தவர்கள் அவர்கள். சின்னவர்களுக்குக் குமட்டியது. எனக்கும்தான். விவரம் தெரிந்ததும் பெல்லா அவன்மேல் பாய்கிறாள், குறுக்கே விழுந்த ஜேக்கப்பின் தோழன் சேத்தின் தோள் முறிகிறது, அடடா இப்போதாவது யாருக்கோ கோபம் வந்ததே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கோபம் சீக்கிரமே ஆறிப்போய் அவன் வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறான். மூன்று புத்தகமாக வளர்த்த ஒரு ஏமாற்றத்தை இப்படி ஒரே பார்வையில் தீர்த்துக் கட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த நாவலின் மூன்றாம் பாகத்தில் சாட்சிகள் என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்து சேரும் காட்டேரிகளின் பெயர்ப் பட்டியலைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன், நானே பாதிப் பேரை மறந்துவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம், இதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெல்லா காட்டேரியாக மாறிய பிறகு அவளுக்கும் எட்வர்டுக்கும் என்று காட்டுக்குள் ஒரு சிறிய கல்வீட்டைச் சீர்செய்து கொடுக்கிறாள் மாமியார் எஸ்மி. பெரிய வீடு கூப்பிடு தூரத்தில்தான், ஆனால் வாசல் தனி. இதை நம் பக்கத்து வீடுகளில் 'வேறு வைப்பது' என்று சொல்வோமே, கல்யாணமான கையோடு அதே வளவில் தனி அடுப்பும் தனிச் சாமானும் கொடுத்துப் பிள்ளையையும் மருமகளையும் வேறு வைப்பது! அமெரிக்காவில் இதைப் படித்தவர்களுக்கு அது வெறும் பிறந்தநாள் பரிசாக இருந்திருக்கும். செட்டிநாட்டில் படித்த எனக்கு எஸ்மியின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

இனி முடிவு. 'இவ்வளவு ஆளைக் கூட்டி, இவ்வளவு பயங்காட்டி, கடைசியில் ஒரு அடி கூட விழவில்லையே' என்ற புகாரைத்தான் நம் வட்டத்தில் அதிகம் பேர் சொன்னீர்கள். புத்தகத்தின் அட்டையைக் கொஞ்சம் பாருங்கள், சதுரங்கப் பலகையில் முன்னால் ஒரு வெள்ளை ராணி, பின்னால் சிவப்புச் சிப்பாய். எட்வர்ட் குடும்பத்தில் வருங்காலத்தைக் காணும் ஆலிஸ் வீட்டை விட்டுப் போகும்போது எழுதி வைக்கும் சீட்டு எதிலிருந்து கிழித்த தாள் என்றும் பாருங்கள். 'வெனிஸ் வணிகன்' நாடகத்திலிருந்து கிழித்தது. வழக்காடி உயிரைக் காப்பாற்றும் கதை அது. வரப்போவது போர்க்களமில்லை, பஞ்சாயத்து என்று மேயர் முன்பே சொல்லிவிட்டார். பனியில் இரண்டு தரப்பும் நிற்கின்றன, பெல்லாவின் பிள்ளை காட்டேரிச் சட்டத்துக்கு விரோதம் என்ற குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது, சாட்சி விசாரிக்கப்படுகிறது, கடைசியில் தென் அமெரிக்காவிலிருந்து நாவெல் என்ற பாதி மனிதன், பாதிக் காட்டேரி அந்தப் பிள்ளையைப் போலவே இன்னொருவனாக வந்து நின்றதும் வழக்கு விழுந்துவிடுகிறது. 2012 இல் படமாக எடுத்தவர்களுக்கு இது போதவில்லை, தலைகள் உருள ஒரு பெரிய சண்டையை வைத்துவிட்டு, அத்தனையும் ஆலிஸ் கண்ட வருங்காலக் காட்சி என்று முடித்தார்கள். அந்தச் சண்டை உங்களுக்குப் பிடித்திருந்தால் நல்லது. எனக்கு அந்தப் பஞ்சாயத்தில் ஒரே குறை, நம் பக்கத்தில் யாரும் பெரிதாக எதையும் இழக்கவில்லை. புகார் கொண்டுபோன இரினா ஒருத்தி எரிகிறாள், அவளையும் கொல்வது வோல்டூரிகள்தான். அடி விழாதது எனக்குக் குறையாகப் படவில்லை, விலை கொடுக்காததுதான் குறை. இரண்டும் வேறு வேறு புகார், போன கூட்டத்தில் இரண்டையும் ஒன்றாக்கிக் கூச்சல் போட்டோம்.

பொறுப்பாளர்களுக்கு இப்போது நேராக ஒன்று. அலமாரியிலிருந்து எடுப்பது என்ற பேச்சு எப்படி வந்தது என்றே எனக்குப் புரியவில்லை. கோட்டையூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஊரில்தான் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தான் தேடித் தேடிச் சேர்த்ததை எல்லாம் வீட்டில் அடுக்கி வைத்தார். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் உண்டு. இது உயர்ந்தது, இது தேறாது என்று அவர் கழித்துக் கட்டியிருந்தால், அவர் 1992 இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வந்து அதை வாங்கியிருக்குமா, இன்று சென்னையில் அவர் பெயரில் ஒரு ஆராய்ச்சி நூலகம் இருக்குமா? நம் அலமாரியில் ஒரு காட்டேரி நாவல் இருப்பதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

விவாதமும் நமக்குப் புதிதில்லை. சா. கணேசன் 1939 இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. வாலியை ராமன் மறைந்திருந்து அடித்தது சரியா என்று இங்கே எத்தனை மேடையில் பேசியிருப்பார்கள், இன்னும் யாரும் அந்தப் பாட்டுகளைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று கை தூக்கச் சொல்லவில்லை. கம்பனையும் மேயரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பேசும் முறையைத்தான் சொல்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை. கை தூக்குவதை விட்டுவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று பாகத்துக்கும் தனித்தனியாக நேரம் கொடுங்கள், பேசுகிறவர் பக்கத்தைத் திறந்து காட்டிப் பேசட்டும், அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுக்கட்டும். கல்லூரித் தங்கையை முதலில் பேச விடுங்கள், போன முறை அவளைத்தான் பாதியில் நிறுத்தினோம். படம் மட்டும் பார்த்தவர்கள் அதை முன்பே சொல்லிவிட்டுப் பேசுங்கள், அதில் தப்பில்லை. முழுசும் படிக்க நேரமில்லாதவர்கள் ஜேக்கப் சொல்லும் இரண்டாம் பாகத்தையாவது படித்துவிட்டு வாருங்கள். வட்டத்துப் பிரதி யாரிடம் இருக்கிறதோ அவர் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்தால், இன்னும் இரண்டு பேராவது வாங்கிப் படிக்க முடியும். என் சொந்தப் பிரதியையும் தருகிறேன், ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியிருப்பேன், அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

இப்படிக்கு,
வட்டத்தில் பின் வரிசையில் உட்காரும் ஒருத்தி