ஓவியப் பட்டறையில் பெற்றோருக்கும் ஒரு பாய் விரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை பிறந்ததும் ஊருக்கு ஊர் சிறுவர் ஓவியப் பயிற்சி முகாம்கள் தொடங்குவதும், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அவை சுவடில்லாமல் நின்றுபோவதும் ஆண்டுதோறும் நாம் காண்பதுதான். அரசுப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஆண்டு முழுவதும் வார இறுதியில் நடக்கக்கூடிய கலைப் பட்டறைகளைப் புதுக்கோட்டை போன்ற மாவட்டத் தலைநகரங்களில் திட்டமிட வேண்டும் என்றும், அவற்றில் குழந்தைகள் மட்டுமல்லாமல் அவர்களை அழைத்துவரும் தாய், தந்தை, பாட்டி, தாத்தா எல்லோரும் அமர்ந்து கைவேலை செய்ய இடம் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வார இறுதி வகுப்புகளை நடத்தி வருகின்றன. பள்ளிக் கல்வித் துறை 2022ஆம் ஆண்டிலிருந்து கலைத் திருவிழாப் போட்டிகளை நடத்துகிறது. இரண்டும் நல்ல முயற்சிகள். இரண்டிலும் என் மாணவர்கள் பயன் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அங்கெல்லாம் பெற்றோருக்கு உள்ள வேலை, குழந்தையைக் கொண்டுவந்து விடுவதும் திரும்ப அழைத்துப் போவதும் மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் தனியார் அமைப்பு ஒன்று நடத்திய முகாமுக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். பெற்றோரெல்லாம் வாசலில் வெயிலில் நிற்க, உள்ளே குழந்தைகள் வரைந்துகொண்டிருந்தார்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் கதவைத் திறந்து, பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வானத்துக்கு மஞ்சள் தீட்டியிருந்தாள். பொட்டல் காட்டில் சித்திரை மாதத்து மாலை வானத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரியான நிறம் என்று தெரியும். அவளுடைய தாய் குனிந்து பார்த்துவிட்டு, "வானம் நீலமாத்தானேடி இருக்கும்" என்று தூரிகையை வாங்கி, ஈரம் காயாத மஞ்சளின் மேலேயே நீலத்தைப் பூசினார். வானம் பச்சையாகிவிட்டது. சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அம்மாவின் கை போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளிப் படிப்போடு தூரிகையை விட்டவராக இருப்பார். இரண்டு மணி நேரம் வெளியே நின்றவருக்கு அன்று கை வைக்கக் கிடைத்தது மகளின் தாள் ஒன்றுதான். அவருக்கென்று தனியாக ஒரு தாளும் ஒரு தூரிகையும் கொடுத்திருந்தால் மகளின் வானத்தை அவர் தொட்டிருக்கவே மாட்டார். குடும்பத்தோடு பட்டறை நடத்துவது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: பெரியவர்கள் பார்வையாளர்களாக நிற்கவும் கூடாது, குழந்தையின் கையைப் பிடித்து வரையவும் கூடாது, அவர்களும் தமக்கென ஒரு தாளை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். என் பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை வரச் சொல்லியிருந்தேன். நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனோடு அவனுடைய அப்பாயி வந்திருந்தார். தாளில் வரைய மாட்டேன் என்று கூச்சப்பட்டவர், சாக்பீஸைக் கையில் கொடுத்ததும் வராந்தாவின் சிமெண்டுத் தரையில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் ஒன்றைப் போட்டார். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிப் போன இழை, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. பேரன் பக்கத்தில் அதையே போட முயன்று பாதியில் நின்றபோது, "ஏய்யா, கையை எடுக்காம இழுய்யா, யோசிச்சு நின்னா இழை கோணிப்போகும்" என்றார். கோட்டின் ஓட்டத்தைப் பற்றி நான் பல வகுப்புகளில் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அந்தப் பையனின் நோட்டு முழுக்கச் சிக்குக் கோலங்கள்.

இடத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல் தொடங்கப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். நகரத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்குள்ள சமணக் குடைவரையின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. அதில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும், பூப்பறிக்கும் மூன்று ஆண்களும் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதோடு நம் குழந்தைகளுக்கு அந்த ஓவியத்தோடு உள்ள உறவு முடிந்துவிடுகிறது. சுண்ணாம்பின் வெள்ளை, கரியின் கறுப்பு, காவிக் கற்களின் மஞ்சளும் சிவப்பும் என்று மண்ணிலிருந்து எடுத்த நிறங்களே அங்கே பெரும்பங்கு. பட்டறைக்கு வரும் குடும்பம் ஒவ்வொன்றையும் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி செம்மண் கொண்டுவரச் சொல்லலாம். அதை இடித்து, துணியில் சலித்து, கருவேலம் பிசின் கரைத்த நீரில் குழைத்தால் வண்ணம் தயாராகிவிடும். கரியை அரைக்கும் பொறுப்பைத் தாத்தாக்களிடம் விட்டுவிடலாம். வெள்ளைக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம். பிஞ்சுக் கைகளையும் கண்களையும் அது புண்ணாக்கும், சாக்பீஸ் தூள் போதும். இருபது குடும்பங்கள் கொண்டுவரும் மண் இருபது விதமான சிவப்பாக இருப்பதைப் பார்க்கிற குழந்தை, அடுத்த முறை சித்தன்னவாசலுக்குப் போகும்போது நின்று பார்க்கும்.

மண் என்றதும், மண்குதிரைகளை அய்யனார் கோயிலுக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு நினைவுக்கு வராமல் போகாது. அந்தக் குதிரைகளைச் செய்யும் வேளார் (குயவர்) குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் இன்றும் இருக்கின்றன. அவர்களை அழைத்துப் பட்டறை நடத்துவதாக இருந்தால் திட்டம் முன்கூட்டியே வேண்டும். களிமண்ணை முதல் நாளே ஊறவைத்து, கல் பொறுக்கி, மிதித்துப் பதப்படுத்த வேண்டும். குழந்தைகள் கட்டியாகப் பிடித்து வைக்கும் உருவங்கள் சூளையில் வெடித்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் போவதே காரணம். ஆகவே குதிரையின் காலைக் குழலாக உருட்டுவதையும், உடலைக் குடைந்து மெலிதாக்குவதையும் முதலிலேயே சொல்லித்தர வேண்டும். செய்த பொம்மை நிழலில் காய நாளாகும் என்பதால் இதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கவும் முடியாது. ஒரு வாரம் செய்து, இரு வாரம் காயவிட்டு, பிறகு சூளையருகே எல்லோரும் கூடுவது என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண்வேலை வைத்தால் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போகும். அந்த மாதங்களுக்குக் காகித வேலையும் துணிப் பொம்மையும் ஏற்றவை. மார்கழிக்குக் கோலம் இருக்கவே இருக்கிறது. மாசி மகத்தன்று குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் குதிரைக்குக் காகிதப் பூமாலைகள் மலைபோல் குவிவதைப் பார்த்தவர்களுக்கு, தை மாதப் பட்டறையில் என்ன செய்யலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கிராமியக் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு அழைக்கும்போது, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, காபி கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. சக்கரத்தை ஒரு நாள் நிறுத்திவிட்டு வருகிற மனிதருக்கு அந்த நாள் கூலியும் வண்டி வாடகையும் மண்ணின் விலையும் கையில் கிடைக்க வேண்டும். எத்தனை தூரிகை, எத்தனை தாள் என்று கணக்குப் போடுவதற்கு முன்பே இந்தத் தொகையை எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். ஓவிய ஆசிரியர்களுக்கும் இதுவே பொருந்தும். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரம் மூன்று அரை நாள் வேலைக்கு நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ஓவியம் கற்பிப்போர் பலர். ஊதியம் பிறகு உயர்ந்தாலும் இன்னும் அது குடும்பம் நடத்தப் போதுமானதாக இல்லை. பட்டறையை நடத்தும் பொறுப்பை அவர்களிடமே தகுந்த மதிப்பூதியத்தோடு கொடுக்கலாம். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் வந்து உதவலாம்.

மற்ற ஏற்பாடுகள் பெரிய காரியமல்ல. ஒரு நாளைக்கு இருபது குடும்பங்களுக்கு மேல் வேண்டாம். ஐந்து குடும்பங்களுக்கு ஓர் உதவியாளர். காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை, நடுவில் சுண்டலும் தேநீரும். ஐந்தாறு வயதுக் குழந்தைகள் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள் என்பதால் அவர்கள் எழுந்து ஓட ஒரு மரத்தடி வேண்டும். தரையில் உட்கார முடியாத மூத்தவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வரும் குழந்தைகளுக்கும் இரண்டு மேசை. போஸ்டர் கலரில் சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை ஆகிய நான்கு போதும், மீதியை அவர்களே கலந்து கண்டுபிடிப்பார்கள். தூரிகையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது; மயிர் உதிரும் தூரிகையைப்போல ஒரு குழந்தையை வரைவதிலிருந்து விரட்டுவது வேறெதுவும் இல்லை.

யார் வருவார்கள் என்பதுதான் உண்மையான கவலை. அறிவிப்பு வாட்ஸ்அப்பில் மட்டும் சுற்றினால் ஏற்கெனவே நான்கு வகுப்புகளுக்குப் போகும் பிள்ளைகளே வருவார்கள். நியாயவிலைக் கடைச் சுவரிலும் பேருந்து நிலையத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். பள்ளிகளில் காலை வணக்கத்தின்போது வாசிக்க வேண்டும். இடங்களில் பாதியை அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கென ஒதுக்க வேண்டும். கட்டணம் வாங்குவதாக இருந்தாலும் அவர்களிடம் வாங்கக் கூடாது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து இருப்பதால், சுற்றுக் கிராமங்களிலிருந்து தாய்மார்கள் வருவதற்குப் பேருந்துக் காசு பெரும் தடையாக இருக்காது. பேருந்து வரும் நேரத்துக்குத் தகுந்தாற்போல் பட்டறையின் நேரத்தை வைத்தால் போதும்.

பரிசு மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் பரிசு என்று அறிவித்த அடுத்த நிமிடமே தூரிகை தாயின் கைக்குப் போய்விடும். செய்தவற்றையெல்லாம் அருங்காட்சியகத் தாழ்வாரத்தில் கொடி கட்டி, குழந்தை வரைந்ததையும் அதன் அப்பாவோ அப்பாயியோ வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, பெயரை மட்டும் எழுதி ஒரு வாரம் விட்டுவைத்தால், தெருவே வந்து பார்க்கும்.

அருங்காட்சியகங்கள் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறை என்ற ஒரே குடையின் கீழ் இருப்பதால், இடமும் பயிற்றுநரும் ஒன்றுசேர்வதில் பெரிய சிக்கல் இருக்காது என்று நம்புகிறேன். மாவட்ட ஆட்சியர் இரு துறை அலுவலர்களையும் ஒரு முறை அழைத்துப் பேசினால், வரும் ஜூலை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே தொடங்கிவிடலாம். முந்தைய நாள் சனிக்கிழமை மாலை மண்ணை ஊறவைக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என்னோடு வர, ஓய்வுபெற்ற இரண்டு நண்பர்களும் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
புதுக்கோட்டை.