கூட்டத்தை யார் வீட்டில் போடுகிறீர்கள்?

மண்டபம், பாம்பன், தொண்டி, வாலிநோக்கம் என்று நம் கரையோர ஊர்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் வணக்கம்.

புயலடித்தால் முதலில் வந்து நிற்பவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். ஊருக்குள் வந்ததும் ஏன் நேரே தலைவர் வீட்டுக்கோ படகுக்காரச் சம்மாட்டி வீட்டுக்கோ போகிறீர்கள்? ஒதுக்கமான தெருவில் இருப்பவர்கள் அந்த வாசலுக்கு வரத் தயங்குவார்கள். படகில்லாத வீட்டுப் பெண் வந்தாலும் கடைசியில்தான் நிற்பாள். அங்கே உட்கார்ந்து எழுதுகிற பயனாளிப் பட்டியலில் யார் பெயர் விடுபடும் என்று உங்களுக்குத் தெரியாதா?

கடல்பாசி எடுக்கும் பெண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மரிக்கொழுந்துப் பாசிக்காக முங்குகிறவர்கள். நீர் வற்றும் நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம். நீங்களோ காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, "அழைத்தோம், வரவில்லை" என்று எழுதிக்கொள்கிறீர்கள். 1986ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனபின், பிழைப்புக்காகக் கடலில் இறங்கியதற்கே குற்றவாளிகளைப் போல நடத்தப்பட்டவர்கள் இவர்கள். பிறகு சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தில் முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமி 2015ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது பெற்றார். இவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுப்பதை நிறுத்துங்கள். திட்டம் எழுதும்போது கூட உட்கார வையுங்கள்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் மனைவி நிலைமை இன்னும் கொடுமை. உடல் கிடைக்காவிட்டால், இறந்ததாகக் கொள்ளச் சட்டம் பொதுவாக 7 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. அரசு அலுவலகம் இறப்புச் சான்றிதழ் கேட்கிறது, அது சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. உங்கள் படிவம் நீங்கள் அடித்ததுதானே? அதில் ஏன் அதே சான்றிதழ்? ஊரே சாட்சி சொல்லும் ஒரு சாவுக்குத் தாள் இல்லை என்பதற்காக, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண உதவியை மறுக்கலாமா?

இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமுக்கு 2021ல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. அங்கே பட்டம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உதவிப் பொருள் கொடுக்கும்போது படம் எடுக்கிறீர்கள், வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவர்களை நினைக்கிறீர்களா?

மருத்துவர் தவறினால் மருத்துவக் கவுன்சில், வக்கீல் தவறினால் பார் கவுன்சில். கிராமத்துக் களப்பணியாளர் பாகுபாடு காட்டினால் எங்கள் பெண்கள் போய்ச் சொல்ல அப்படி ஓர் இடம் இல்லை. ஆகவே நீங்கள்தான் உங்களுக்குக் கணக்குக் கேட்டாக வேண்டும்.

ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். அதற்கு முன் இந்த ஆண்டுப் பட்டியலை எல்லாத் தெருக்களிலும் சத்தமாக வாசியுங்கள், கையெழுத்துப் போடுமுன். விடுபட்டவர் பெயருக்கு எதிரே காரணத்தையும் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி என்பதைப் பாசிக்குப் போகும் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் தீவில் மனு எழுதிக் கொடுக்கும் ஒரு பெண்