மதகு வேலை தொடங்கமுன்

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. காணி உழுது கிடக்கிறது, மழை விழுந்தால் விதைப்புத்தான். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நீ வரவில்லை. ஆவணியிலும் வரவில்லை. ரெலிபோன் எடுத்தால் "பேந்து கதைக்கிறன் அப்பா" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூட றோட்டு மதகுக்கு உங்கள் பிரதேச சபையில் காசு ஒதுக்கியாயிற்று என்று அறிந்தேன். 2025 மே 6 தேர்தலுக்கு வீடு வீடாகப் போனபோது நீ முதலில் சொன்னது அந்த மதகைத்தான். வட்டாரத்தில் வென்று வந்தவளையும் 25 வீதப் பெண்கள் ஒதுக்கீட்டில் வந்தவள் என்று சொன்ன வாய்கள் இப்போது "உபதவிசாளர்" என்கின்றன. சங்கக் கடையில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், சாமான் வாங்க மறந்துவிட்டேன்.

மதகு வேலைக்குக் கேள்விமனு (ரெண்டர்) போட்டவர்களில் அந்த நீல ரிப்பர் லொறிக்காரரும் ஒருவராம். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஹியூம் குழாய் மதகு என்றால் குழாய் உடைவது குறைவு. இரண்டு பக்கச் சுவரும்தான் முதலில் போகும். வாய்க்கால் அடிமட்டத்திலிருந்து 2½ அடியாவது அத்திவாரம் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் கார்த்திகை வெள்ளம் கீழால் மண்ணைக் குடைந்துவிடும். சுவர் சாயும், அதன்பின் றோட்டு இரண்டாகும். குழாய்க்கு மேல் 2 அடி மண் இல்லாமல் ரிப்பர் ஏறினால் குழாய் வெடிக்கும். இரண்டு பக்கமும் சமமாக, 6 அங்குலம் 6 அங்குலமாக மண் போட்டு இடிக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொட்டினால் குழாய் விலகிப் பொருத்துக் கழன்றுவிடும்.

கலவைக்கு நீயே போய் நில். 1:2:4 என்று கடதாசியில் இருக்கும். அங்கே சவளால் எண்ணுவார்கள். ஒரு பை சீமெந்து 1¼ கன அடி. 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் பலகைப் பெட்டி ஒன்று அடிக்கச் சொல். பைக்கு இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி முக்கால் அங்குலச் சல்லி. பெட்டி இல்லாத இடத்தில் பின்னேரம் ஆகஆக மணல் கூடும், சீமெந்து மிஞ்சும். மிஞ்சின சீமெந்து எங்கே போகும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொட்டின பிறகு 7 நாள் ஈரச்சாக்கு காயக்கூடாது.

பார்க்கப் போகும்போது கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. யாருடைய மோட்டார் சைக்கிளிலும் பின்னால் இருந்து போகாதே. இதை இரண்டாவது தரம் சொல்கிறேன் என்று கோபிக்காதே.

சபையில் அந்தக் கேள்விமனு வருகிற நாளில் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைக்காதே. எழும்பி, "எனக்கு இதில் தொடர்பு உண்டு" என்று சொல்லி வெளியே போ. அது கூட்டறிக்கையில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் பார். 2016 தகவல் அறியும் சட்டத்தின் கீழ் யாரும் பில்லையும் அளவையும் கேட்கலாம். நாளைக்குக் கலியாணம் என்று ஒன்று நடந்தால் நீ கொடுக்கும் சொத்து விபரத்தில் அவருடைய ரிப்பரும் ஏறவேண்டும். அதைவிட நல்லது, நீ அந்தக் கதிரையில் இருக்குமட்டும் அவர் உன் சபை வேலையைத் தொடாமல் இருப்பது. வேறு சபைகள் இருக்கின்றன, வீடு கட்டுகிற சனம் இருக்கிறது.

பெரியார் 1949இல் மணியம்மையைக் கலியாணம் செய்தபோது அது இரண்டு பேருடைய விஷயமாக நிற்கவில்லை. கழகமும் சொத்தும் யார் கைக்குப் போகும் என்ற கேள்வியாயிற்று. அந்த ஆண்டு செப்டெம்பர் 17இலேயே அண்ணா தனிக்கட்சி தொடங்கிவிட்டார். 1973இல் பெரியார் மறைந்த பிறகு அந்த அம்மாதான் 1978 வரை கழகத்தைக் கொண்டு நடத்தினார். ஆளில் பிழை இல்லை, பிள்ளை. ஆளில் பிழை என்று நானும் சொல்லவில்லை.

சின்னமாமா கட்டின மதகு உனக்குத் தெரியும். மழை கூடி உடைந்தது என்றுதான் வீட்டில் சொன்னேன். அது பொய். அத்திவாரம் 2½ அடி என்று அளவைப் புத்தகத்தில் எழுதியது நான். குழிக்குள் நான் இறங்கவில்லை. உடைந்த பிறகு அளந்தேன், 1 அடி. அம்மா தேத்தண்ணி தரும்போது "தம்பிக்குக் காசு கெதியாய்க் கிடைச்சால் நல்லது" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அவள் பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்துக்காகக் கையெழுத்து வைத்தவன் நான். அந்த மாரி முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கயிறு பிடித்துத்தான் தண்ணீரைக் கடந்தார்கள். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. கயிற்றின் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த கிழமை வா. அவரையும் கூட்டிக்கொண்டு வா, அம்மாவிடம் நான் கதைக்கிறேன்.

இதோடு என்னுடைய 50 அடி நாடாவை அனுப்புகிறேன். முதல் அங்குலம் தேய்ந்துபோயிற்று. 1 அடியிலிருந்து பிடித்து அள, பிறகு ஓரடி கழித்து எழுது.

அப்பா