எங்களையும் எங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் கதைகளை எழுதுகிறவர்களுக்கும் தயாரிக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் லண்டனில் ஒரு மருத்துவமனையில் காத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் 16ஆம் நாள் காரியத்தை முடித்துவிட்டு ஊரிலிருந்து திரும்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. செவிலியர் கதவைத் திறந்து அப்பாவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான், அவர் அழைப்பது என்னை என்று உறைத்தது.

எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்ததால் அப்பா பெயரை அதில் எழுதினோம். அன்றிலிருந்து வங்கியிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நான் அப்பா பெயரில்தான் நடமாடுகிறேன். "அது என் அப்பா பெயர், என் பெயர் இது" என்று அன்றும் சொன்னேன். "கணினியில் இப்படித்தான் இருக்கிறது" என்றார் செவிலியர். அதே பெயரை இன்னொரு முறை சொல்லியே உள்ளே கூட்டிப்போனார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. உங்கள் விண்கலத்தில் அதிகாரியாகச் சேர்ந்த பஜோர் கிரகத்துப் பெண் ரோ லாரன்தான் நினைவுக்கு வந்தார். 1991இல் வந்த அந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேப்டன் பிக்கார்ட் அவரைப் பதவியோடு சேர்த்து 'என்சைன் லாரன்' என்று அழைக்கிறார். 'என்சைன் ரோ, சார்' என்று அவர் திருத்துகிறார். பஜோர் மக்களிடம் குடும்பப்பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். மற்றவர்களோடு ஒத்துப்போவதற்காகப் பெரும்பாலான பஜோர்காரர்கள் தங்கள் பெயர் சிதைவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், நான் பொறுத்துக்கொள்வதில்லை என்கிறார் ரோ. பிக்கார்ட் தனக்குத் தெரியாது என்று வருத்தம் தெரிவிக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் அவர் ரோதான். கணினியில் வேறு மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

இப்படி எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த கதையில் தமிழ் அதிகாரி ஒருவரைக் கப்பலில் ஏற்றுங்கள். அப்பா பெயரை இனிஷியலாக முன்னால் வைத்துக்கொண்டு, தன் ஒற்றைப் பெயரோடு வரட்டும். கேப்டன் அவரை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிடட்டும்.

ஒரு பெயர் எவ்வளவு கனமானது என்று உங்களைவிட நன்றாகக் காட்டியவர்கள் குறைவு. பெரும்பாலும் 'கேப்டன்' என்றே சொல்லும் வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக், செத்துவிட்டதாக நினைத்த கேப்டன் கிர்க் கண்ணெதிரே உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி 'ஜிம்!' என்று கத்துகிறாரே, அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தக் கதையை எத்தனை முறை பார்த்திருப்பேன்! 1988இல் புதிதாக வந்த மருத்துவர் டேட்டாவை 'டாட்டா' என்று அழைத்துவிட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். 'ஒன்று என் பெயர், மற்றது இல்லை' என்கிறார் டேட்டா. ஓர் இயந்திர மனிதனுக்கு நீங்கள் கொடுத்த அந்தப் பதில் அன்று மருத்துவமனையில் எனக்கு வாயில் வரவில்லை.

ஆனால் பூமியின் மனிதர்கள் என்று வரும்போது உங்கள் கை சுருங்கிவிடுகிறது. ஆப்பிரிக்கப் பெண் அதிகாரி உஹூரா 1966இல் கப்பலில் ஏறினார். நியோட்டா என்ற அவருடைய சொந்தப் பெயர் திரையில் முதன்முதலாகக் கேட்டது 2009இல். இடையில் 43 வருடம்! இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஜப்பானில் குடும்பப்பெயரை முன்னால் சொல்வார்கள். 2001இல் நீங்கள் கொண்டுவந்த ஜப்பானியப் பெண்ணோ 'ஹோஷி சாட்டோ' என்று பெயரைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. கற்பனைக் கிரகமான பஜோருக்குக் கிடைத்த மரியாதை ஜப்பானுக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. மெட்ராஸில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் 1986இல் வந்த உங்கள் படத்தில் ஒரு விண்கலத்தின் கேப்டனாக நடித்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கப்பலுக்கே தலைவராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது அந்தப் பாத்திரத்துக்கு நேராக 'விண்கலக் கேப்டன்' என்று மட்டும்தான் இருந்தது. ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லையா உங்களுக்கு?

எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாததை ஒரு குறையாக நினைத்து அந்தக் கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பிவிடாதீர்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பட்டத்தை வெட்டியெறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சாதியை ஒழித்துவிட்ட எதிர்காலத்தைக் காட்டுவதற்கு உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

உச்சரிக்கக் கஷ்டம் என்ற காரணத்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 1967இல் வந்த ஒரு கதையில், ஸ்பாக்கை நேசிக்கும் பெண் 'உங்களுக்கு இன்னொரு பெயர் இருக்கிறதா' என்று கேட்கிறாள். 'உன்னால் உச்சரிக்க முடியாது' என்கிறார் ஸ்பாக். சின்ன வயதில் எனக்கு அழகாகத் தெரிந்த வசனம் அது. இங்கே வந்து, என் பெயரில் இருக்கும் ழகரத்தைப் பார்த்ததுமே முயற்சியைக் கைவிட்டுவிடுகிறவர்களை இத்தனை வருடம் பார்த்த பிறகு, அந்த வசனம் வலிக்கிறது. ஸ்பாக் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணும் தப்பும் தவறுமாகவாவது ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பாள். கிளிங்கான் என்ற கற்பனை மொழிக்கு அகராதியே போட்டவர்கள் நீங்கள். ஒரு ழகரம் உங்கள் நடிகர்களுக்கு வராமல் போய்விடாது.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். நான் கேட்பது ஒரே ஒரு காட்சி. கப்பலின் பதிவேட்டைப் பார்த்துக் கேப்டன் அந்தத் தமிழ் அதிகாரியை அவருடைய அப்பா பெயரில் கூப்பிடட்டும். அவர் திருத்தட்டும். கேப்டன் 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டு, கணினியிலும் திருத்தச் சொல்லட்டும். அப்புறம் கதை தன்பாட்டுக்குப் போகட்டும்.

அந்த அதிகாரியின் பெயரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இனிஷியலுக்கு எந்த எழுத்து வைப்பது என்று யோசித்தால், 'மா' வையுங்கள். என் அப்பா பெயரின் முதல் எழுத்து அது.

அன்புடன்,
லண்டனிலிருந்து, உங்கள் நெடுநாள் ரசிகை